பிளாக்பூல் டிராம்வேயின் பூர்வ சரித்திரம்

மின்சாரத்துக்கும் உப்புநீருக்கும் ஒருநாளும் ஆகாது என்பது இன்று பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த விஷயம். ஆயினும், இங்கிலாந்தில் பொதுச் சாலையொன்றில் மின்சாரத்தால் ஓடும் டிராம் வண்டி நிலைத்து நடைபெற்ற முதல் ஸ்தலம், மேல்காற்று பலமாக வீசும்போதெல்லாம் கடலலை சுவரைத் தாண்டி வந்து விழுகிற ஒரு கடற்கரைச் சாலையாக அமைந்தது. அங்கே மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் செம்பு தலைக்கு மேலே கட்டப்படாமல், நீரும் மணலும் இறங்குவதற்கு மிக வசதியான இடமாகிய சாலையின் வயிற்றுக்குள்ளேயே புதைத்து வைக்கப்பட்டது. லங்காஷயர் ஜில்லாவின் மேற்குக் கரையிலுள்ள பிளாக்பூல் நகரத்தில் 1885ஆம் வருஷம் செப்டம்பர் 29ஆம் தேதி நடந்த இந்தக் காரியத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவ்வளவு பாதகமான இடத்தில் இப்படிப்பட்ட பரீட்சையை நடத்தத் துணிந்தது ஏன் என்பது ஒன்று. அந்தப் பரீட்சை அதன் முதல் ரூபத்தில் தோற்றுப்போன பின்னரும், மற்ற நகரங்களிலெல்லாம் டிராம் மறைந்துபோன பின்னரும், இந்த ஊரில் மட்டும் அது மறையாமல் நின்றது எப்படி என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அதாவது அந்தக் கடற்கரைச் சாலையிலேயே, கிடைக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

பிளாக்பூல் பழம்பெருமை வாய்ந்த நகரமன்று. 1846இல் ரெயில் பாதை வந்து சேருமுன் அது சில விடுதிகளும், கடலில் குளிப்பவர்களுக்கென்று வைத்திருந்த வண்டிகளும் உள்ள சிற்றூராகவே இருந்தது. அதை நகரமாக்கியவர்கள் பிரபுக்களல்லர், பஞ்சாலைத் தொழிலாளிகளே. லங்காஷயரின் ஆலை நகரங்கள் ஒவ்வொன்றும் வருஷத்தில் ஒரு வாரம் ஆலைகளை அடைத்துக் கொதிகலன்களைச் செப்பனிடுவது வழக்கம். ‘வேக்ஸ்’ என்று வழங்கிய அந்த வாரத்துக்குக் கூலி கிடையாதென்றாலும், வருஷம் முழுவதும் சேமிப்புச் சங்கங்களில் வாராவாரம் கட்டிவைத்த சில்லறையை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ரெயிலேறிக் கடற்கரைக்கு வந்தார்கள். ஓர் ஊருக்கு ஒரு வாரம், அடுத்த ஊருக்கு அடுத்த வாரம் என்று இந்த விடுமுறை முறைவைத்து வந்தபடியால், கோடை முழுவதும் பிளாக்பூலில் கூட்டம் குறையவில்லை. 1863இல் வடக்குத் துறைமேடையும், 1868இல் இன்னொரு துறைமேடையும் கடலுக்குள் நீண்டன. 1870இல் சுமார் இரண்டு மைல் நீளமுள்ள உலாச்சாலை திறக்கப்பட்டது. 1876இல் ஊர் நகரசபை அந்தஸ்தைப் பெற்றது. 1881இல் ஸ்திரமாகக் குடியிருந்தவர்கள் சுமார் 14,000 பேர்தாம் என்பதையும், கோடையில் அங்கே வந்து தங்கியவர்கள் அதைப்போல் எத்தனையோ மடங்கு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இனிமேல் அந்த நகரசபை செய்த காரியங்களின் தாத்பரியம் விளங்கும்.

அந்த நகரசபை வியாபாரிகளின் சபை. விருந்தாளிகளை வரவழைப்பதே ஊரின் தொழில் என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 1879இல் பார்லிமெண்டின் சட்டம் ஒன்றின் மூலம், ஊரை விளம்பரம் செய்வதற்கென்றே வரி விதிக்கும் அதிகாரத்தைச் சம்பாதித்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில் உலாச்சாலையில் எட்டு மின்சார வில்விளக்குகளை ஏற்றிக் காட்டியது. ஸ்வான், எடிசன் ஆகியோரின் விளக்குகள் வீடுகளுக்குள் புகாத காலம் அது. அந்த எட்டு விளக்குகளைப் பார்ப்பதற்காக மட்டும் அண்டை நகரங்களிலிருந்து ஏராளமான ஜனங்கள் ரெயிலேறி வந்தார்கள். மின்சாரம் தெருவுக்கு வெளிச்சம் தருவதோடு ஊருக்கு வருமானமும் தரும் என்ற பாடத்தை நகரசபை அன்றிரவே கற்றுக்கொண்டதாகச் சொல்வது மிகையாகாது. சில வருஷங்களுக்குப் பின் ஒரு பொறியாளர் மின்சார வண்டியோடு வந்து கதவைத் தட்டியபோது, அவரை வேடிக்கை மனிதர் என்று திருப்பியனுப்பாமல் உட்காரவைத்துப் பேசியதற்குக் காரணம் இதுவே.

அக்காலத்தில் மின்சாரத்தால் வண்டியை இழுக்கலாம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நிலையாக ஓரிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு எப்படிக் கொடுப்பது என்பதே பிரச்னை. 1881இல் பெர்லின் நகருக்கு அருகே லிக்டர்ஃபெல்டேயில் சீமென்ஸ் அமைத்த பாதையில் இரண்டு தண்டவாளங்களுமே மின்சாரத்தைத் தாங்கின. போவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. முறை மிக எளிது. ஆனால் சாலை குறுக்கிடும் இடங்களில் லாடமடித்த குதிரைகள் தண்டவாளத்தை மிதித்து அதிர்ச்சியடைந்து துள்ளின. 1883 ஆகஸ்டு மாதத்தில் பிரைட்டன் கடற்கரையில் மாக்னஸ் வோல்க் என்பவர் ஓட்டிக் காட்டிய சிறு பாதையும் இதே ஜாதிதான். கால் மைல் நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட அந்தப் பாதைக்கு, இரண்டு குதிரைசக்தியுள்ள ஒரு வாயு யந்திரம் சுழற்றிய டைனமோ, ஐம்பது வோல்ட் மின்சாரம் கொடுத்தது. அது பொதுச் சாலையில் அல்லாமல் கடற்கரை ஓரமாகத் தனியே ஓடியதால் குதிரைகளின் உபத்திரவம் அங்கே எழவில்லை. அது இன்றும் ஓடுகிறது; இன்று நடைபெறும் மின்சார ரெயில்களுள் உலகத்திலேயே பழமையானது அதுதான்.

அதே 1883இல் அயர்லாந்தின் வடகரையில், போர்ட்ரஷ் என்னும் கடலோர ஊரிலிருந்து ஜயண்ட்ஸ் காஸ்வே என்னும் பாறை அதிசயத்தை நோக்கிச் சென்ற டிராம்வே வேறொரு வழியைக் கையாண்டது. பாதையின் ஓரத்தில், தரையிலிருந்து சற்று உயர்த்தி, மூன்றாவது தண்டவாளம் ஒன்றை நிறுத்தி அதில் மின்சாரத்தைச் செலுத்தினார்கள். புஷ் நதியின் நீர்வீழ்ச்சியிலிருந்து அந்த மின்சாரத்தை எடுத்தது அந்நாளில் பெரிய சாதனை. நாட்டுப்புறச் சாலையில் இது நடக்கலாம். ஆனால் ஊர்த் தெருவில் உயிருள்ள தண்டவாளம் நிற்பதை யார் பொறுப்பார்கள்? போர்ட்ரஷ் தெருக்களுக்குள் அந்த வண்டிகளை நீராவி யந்திரங்களே இழுத்துச் சென்றன. 1895இல் சைக்கிளில் சென்ற ஒருவர் அந்தத் தண்டவாளத்தைத் தொட்டு மாண்ட பின்னர், 1899இல் அதையே அகற்றிவிட்டுத் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். வியன்னாவுக்கு அருகிலும் பிராங்பர்ட்டிலும் பிளவுள்ள குழாய்களைத் தூண்களின் மீது நிறுத்தி அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறை ஒன்று பரீட்சிக்கப்பட்டது. பார்வைக்கும் அழகில்லை, வேலைக்கும் உறுதியில்லை. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் 1884இல் சாலைக்கு அடியில் கம்பியைப் பதித்து ஓட்டிய டிராம் சுமார் ஒரு வருஷத்தில் நின்றுபோயிற்று. ஆகையால், சாலைக்கடியில் கம்பியைப் பதித்து வெகுகாலம் ஓட்டிய கீர்த்தி பிளாக்பூலைச் சேருமேயன்றி, அந்த யோசனையே உலகத்தில் முதன்முதல் அங்கேதான் உதித்தது என்று எழுதுவது தவறு.

பிளாக்பூல் பாதையை நிர்மாணித்த மைக்கேல் ஹோல்ராய்ட் ஸ்மித், யார்க்ஷயரில் ஹாலிபாக்ஸ் நகரத்துப் பொறியாளர். மான்செஸ்டருக்கு அருகே கார்ன்புரூக் என்ற இடத்தில் ஒரு திடலில் பாதை போட்டு, தம் முறையைப் பரீட்சித்துக் காட்டிவிட்டுத்தான் அவர் பிளாக்பூல் நகரசபையிடம் பேசவந்தார். பிளாக்பூலில் அமைந்த பாதை காக்கர் தெருவிலிருந்து தெற்குக்கரையிலுள்ள டீன் தெருவரை உலாச்சாலை நெடுகிலும் சென்றது. ஆரம்பத்தில் பத்து வண்டிகள். மின்சாரம் தயாராகுமுன் சில நாட்கள் குதிரைகளைக் கொண்டு வண்டிகளை ஓட்டினார்கள். செப்டம்பர் 29ஆம் தேதி மான்செஸ்டர் நகர மேயர் ஹார்வுட் என்பவர் மின்சார ஓட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

அந்தப் பாதையின் அமைப்பைக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது அவசியம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பாதை முழுவதும் இடையறாமல் ஒரு குறுகிய பிளவு செல்கிறது. சக்கரமோ குதிரைக் குளம்போ சிக்காத அளவுக்கு ஒடுக்கமான அந்தப் பிளவின் கீழே, சாலை மட்டத்துக்கு அடியில், ஓர் ஓடை. அந்த ஓடையின் இருபக்கத்திலும், மரக்கட்டைகளின் ஆதாரத்தில், செம்புக் கடத்திகள் நீளவாக்கில் பொருத்தப்பட்டிருக்கின்றன. வண்டியின் அடியிலிருந்து கலப்பையைப் போலத் தொங்கும் ஒரு கருவி பிளவின் வழியாக உள்ளே இறங்கி, செம்பைத் தேய்த்துக்கொண்டே சென்று மின்சாரத்தை மேலே உள்ள மோட்டாருக்குக் கொண்டுவருகிறது; வேலைமுடிந்த மின்சாரம் தண்டவாளங்களின் வழியே திரும்புகிறது. நீராவி யந்திரங்கள் டைனமோக்களைச் சுழற்றின. தெருவில் தூண் இல்லை, கம்பி இல்லை, உயிருள்ள தண்டவாளம் வெளியே தெரிவதில்லை; குதிரைக்கும் குழந்தைக்கும் அபாயமில்லை. காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல இடமில்லாத ஏற்பாடு.

கடல் காகிதத்தைப் பார்ப்பதில்லை. பிளாக்பூல் கரை மேற்குநோக்கியது. எதிரே ஐரிஷ் கடல். இலையுதிர் காலத்தில் ஓதமும் காற்றும் ஒன்றுசேர்ந்து வரும் நாட்களில் அலை சுவரின் மீது மோதி, உயர எழுந்து, சாலை முழுவதும் விழுந்து புரளும். காற்று மட்டும் வீசும் நாட்களில் உலர்ந்த மணல் பறந்துவந்து பிளவின் வழியே ஓடைக்குள் இறங்கும். மணலை வாரி எடுக்கலாம். ஆனால் உப்புநீரில் நனைந்த மணல் செம்பின் மீதும் மரக்கட்டையின் மீதும் அப்பிக்கொண்டால், மின்சாரம் வண்டிவரை வந்து சேராமல் வழியிலேயே தரைக்குள் கசிந்துபோகும். அந்தக் கசிவு அதிகமான தினங்களில் வண்டிகள் நகர மறுத்தன. ஒருபக்கம் ஆட்கள் ஓடையைச் சுத்தம் செய்துகொண்டிருக்க, மறுபக்கம் குதிரைகளைக் கொண்டுவந்து மின்சார வண்டியில் பூட்டி இழுக்கவேண்டி வந்தது. புதுமையின் பெருமையை விளம்பரம் செய்துகொண்டிருந்த ஊருக்கு இது எவ்வளவு சங்கடமான காட்சியாக இருந்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஆயினும் கோடைக்காலத்து நல்ல நாட்களில் வண்டிகள் நிரம்பி ஓடின. உல்லாசத்துக்காக வந்தவர்கள் போகவேண்டிய இடமென்று ஒன்றும் இல்லாமலே, மின்சார வண்டியில் ஏறிவந்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வதற்காக ஏறினார்கள்.

இவ்விடத்தில் ஹோல்ராய்ட் ஸ்மித்தின் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். பின்னாளில் எழுதிய சிலர், சாலைக்கடியில் கம்பியைப் பதிக்கும் முறையே ஒரு பைத்தியக்காரத்தனம் என்பதுபோல எழுதிவிட்டார்கள். உண்மை அதுவன்று. புடாபெஸ்டில் 1889 முதல் இம்முறையில் டிராம்கள் நன்றாக ஓடின. லண்டன் கவுண்டி சபை 1903இல் தொடங்கிய நிலத்தடிக் கம்பி டிராம்கள் 1952வரை நகரத்தின் பெரும்பாகத்துக்கு ஊழியம் செய்தன. வாஷிங்டனில் இம்முறை 1962வரை நீடித்தது. அந்த நகரங்களில் ஓடையை ஆழமாக வெட்டி, இரும்புச் சட்டங்களால் வலுப்படுத்தி, தக்க வடிகால்களைக் கட்டி, கடத்திகளை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டார்கள். அதற்காக ஏராளமான பணத்தையும் செலவிட்டார்கள். பிளாக்பூலில் ஓடை ஆழமற்றது. ஸ்மித்திடம் அந்த அனுபவமும் இல்லை, அந்தப் பணமும் இல்லை. அன்றியும், அவருக்கு வேறு என்ன மார்க்கம் இருந்தது? தலைக்கு மேலே ஒற்றைக் கம்பி, அதைத் தொட்டுச் செல்லும் தடி என்ற முறையை ஸ்பிரேக் என்பவர் அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்தில் பெரிய அளவில் நிலைநாட்டியது 1888இல்தான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு அது வந்தது 1891இல். 1885ஆம் வருஷத்து மனிதரை 1888ஆம் வருஷத்து அறிவைக் கொண்டு கண்டிப்பது முறையாகாது.

நம் சென்னையிலும் இதே நாடகம் நடந்தது என்பது தமிழர்களுள் பலருக்கு மறந்துபோன செய்தி. 1895ஆம் வருஷம் மே 7ஆம் தேதி சென்னையில் தொடங்கிய மின்சார டிராம், இந்தியாவில் முதலாவது. கல்கத்தாவுக்கு ஏழு வருஷமும், பம்பாய்க்குப் பன்னிரண்டு வருஷமும் முந்தியது. லண்டன் மாநகரத்தின் தெருக்களில் மின்சார டிராம் ஓடுவதற்கும் முந்தியது. அங்கும் முதலில் கையாண்டது நிலத்தடிக் கம்பி முறையே. பிளாக்பூலில் கடல் செய்த வேலையைச் சென்னையில் மழை செய்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டும் பருவமழையில் தெருவே ஓடையாகும்போது, தெருவின் அடியிலுள்ள ஓடையின் கதியைக் கேட்பானேன்? முடிவில் சென்னையும் தூண்களை நட்டு மேல்கம்பியைக் கட்டிக்கொண்டது.

பிளாக்பூலில் அதுவரை குத்தகைக்கு எடுத்து வண்டிகளை ஓட்டிவந்தது ஒரு கம்பெனி; 1892இல் குத்தகைக் காலம் முடிந்தவுடன், அதனிடமிருந்து டிராம்வேயை நகரசபையே ஏற்று நடத்தத் தொடங்கியது. பொதுவாக அக்காலத்துச் சட்டம், நகரசபை பாதையைப் போட்டுக் குத்தகைக்கு விடலாமேயன்றி வண்டியைத் தானே ஓட்டக்கூடாது என்ற கொள்கையையே தழுவியிருந்தது; தொல்லை நிறைந்த இந்த டிராம்வேயை விரும்பி எடுத்து நடத்த முன்வந்தவர்கள் அதிகம் இருக்கவில்லை என்பதால், நிர்ப்பந்தமும் ஆசையும் கலந்தே நகரசபை அதை ஏற்றுக்கொண்டிருக்கவேண்டும். இப்படியாக, மின்சார டிராமை நேரே நடத்திய முதல் பிரிட்டிஷ் நகரசபை என்ற பெயர் அதற்கு வாய்த்தது. ஓடையோடு ஏழு வருஷங்கள் போராடிப் பார்த்துவிட்டு, 1899இல் நகரசபை மேல்கம்பிக்கு மாறியது. அதற்கு முந்தின வருஷம் ஜூலை 14ஆம் தேதி, பிளாக்பூலுக்கும் வடக்கேயுள்ள பிளீட்வுட் என்னும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் இடையே வேறொரு கம்பெனி தொடங்கிய நெடும்பாதை, முதல் நாளிலிருந்தே மேல்கம்பியால் தொல்லையின்றி ஓடிக்கொண்டிருந்ததை நகரசபை கண்ணெதிரே கண்டது. தெற்கே செயிண்ட் ஆன்ஸ், லிதம் ஆகிய ஊர்களை நோக்கி 1896இல் இன்னொரு கம்பெனி, வாயு யந்திரம் பூட்டிய டிராம்களை ஓட்டியது. நாற்றமும் நடுக்கமும் தவிர அவற்றைப் பற்றிச் சொல்லுவதற்கு அதிகமில்லை. 1903இல் அவையும் மின்சாரத்துக்கு மாறின.

மேல்கம்பியைக் காட்டிலும் முக்கியமான மாறுதல் ஒன்று அதன்பின் வந்தது. அதன் முக்கியத்துவத்தை அன்று யாரும் முற்றிலும் உணர்ந்திருக்க மாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1905ஆம் வருஷத்துக்குள், உலாச்சாலையைக் கடல்பக்கமாக வெகுதூரம் விஸ்தரித்தார்கள். அவ்வாறு விஸ்தரித்தபோது டிராம் பாதையை வண்டிச் சாலையின் நடுவிலிருந்து பெயர்த்தெடுத்து, சாலைக்கும் நடைபாதைக்கும் இடையே அதற்கென்று தனி நிலம் ஒதுக்கி, ரெயில் பாதையைப் போலக் கட்டைகளின் மேல் அமைத்தார்கள். பிளீட்வுட் பாதையும் வயல்வெளிகளையும் கடற்கரை மேட்டையும் ஒட்டிப் பெரும்பாலும் தன் சொந்த நிலத்திலேயே சென்றது. 1920 ஜனவரி முதல் தேதியில் அதையும் நகரசபை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆகவே, தெற்கிலிருந்து வடக்குவரை சாலை வாகனங்களின் இடைஞ்சல் பெரும்பாலும் இல்லாத ஒரே கடலோரப் பாதை நகரசபையின் கையில் சேர்ந்தது. 1912இல் தொடங்கிய தீப அலங்காரத்தின்போது டிராம் வண்டிக்கே விளக்குகளைச் சூட்டி ஊர்வலம் விட்டது, 1925இலும் 1926இலும் படகின் உருவத்தில் விளக்கு வண்டிகளைச் செய்தது, 1930களில் வால்டர் லஃப் என்னும் மானேஜர் புதிய இரட்டைமாடி வண்டிகளைக் கொண்டுவந்தது முதலியவை இந்த அஸ்திவாரத்தின்மீது எழுந்த கட்டடங்கள்.

மோட்டார் பஸ் பெருகிய காலத்தில் பிரிட்டனின் கடற்கரை நகரங்கள் ஒவ்வொன்றாக டிராமைக் கைவிட்டன. போர்ன்மத் 1936இல்; பிரைட்டன் நகரத் தெருக்களில் ஓடிய டிராம் 1939இல்; சவுத்எண்ட் 1942இல். 1807ஆம் வருஷத்திலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு பிரயாணிகளைக் குதிரையால் இழுத்துச்சென்ற ஸ்வான்ஸீ–மம்பில்ஸ் பாதை, அதுவும் கடலோரத்ததுதான், நூற்றறுபது வயதை எட்டிப்பிடிக்க ஏழு வருஷமே குறைவாயிருந்த நிலையில் 1960 ஜனவரியில் மூடப்பட்டது. சென்னை டிராம், கம்பெனி திவாலான பின் 1953 ஏப்ரல் 12ஆம் தேதி நின்றது. 1921இல் 97 வண்டிகள் ஓடிய பாதை அது. 1962இல் கிளாஸ்கோவும் டிராமை நிறுத்திவிடவே, பிரிட்டன் தேசத்தில் நகர டிராம் என்று சொல்லத்தக்கது பிளாக்பூலில் மட்டுமே மிஞ்சியது.

இதைக் கொண்டு, கம்பெனி நடத்தியதால் சென்னை டிராம் செத்தது, நகரசபை நடத்தியதால் பிளாக்பூல் டிராம் பிழைத்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனல்லன். கிளாஸ்கோவிலும் போர்ன்மத்திலும் டிராமை நடத்தியவை நகரசபைகளே, அவை காப்பாற்றவில்லையே! பிளாக்பூல் நகரசபையும் தன் டிராம்களையெல்லாம் ஒருமிக்கக் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. ஊருக்குள்ளே தெருக்களின் நடுவில் சென்ற அதன் பாதைகளில் லேட்டன் பாதை 1936இலேயே போயிற்று. லிதம் ரோடு பாதை 1961இலும், மார்ட்டன் பாதை 1962இலும், டிக்சன் ரோடு பாதை 1963இலும் மூடப்பட்டன. மற்ற நகரங்களில் சொல்லப்பட்ட அதே காரணங்கள், அதாவது தண்டவாளம் தேய்ந்துவிட்டது, மோட்டார்களுக்கு இடைஞ்சல், பஸ்ஸுக்குச் செலவு குறைவு என்பனவே, அங்கும் சொல்லப்பட்டன. கடலோரத்துப் பாதையைப் பற்றி மட்டும் அந்த இரண்டாவது காரணத்தை யாராலும் சொல்ல முடியவில்லை. விஸ்தரிப்பின்போது ஒதுக்கிய நிலத்தில் மோட்டாருக்குப் பாத்தியதை இல்லை. 2012இல் அந்தப் பாதையைப் புதுப்பித்துப் புதிய வண்டிகளை ஓடவிட்டபோதும், தண்டவாளங்கள் பெரும்பாலும் அதே நிலத்தில்தான் கிடந்தன.